ஒரு குறையும் இல்லாத குமாஸ்தா

2018 மே மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு இருபத்தைந்துக்கு எனெலெசி மக்வின்ஜா பதினோரு ஆண்டுகளாகத் தான் வேலை பார்த்துவரும் அலுவலகத்துக்கு வந்து, பதிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாசல் காவலாளியிடம் கேட்டாள்.

காவலாளி துள்ளி எழுந்து, எங்கள் நாட்டில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு சலாம் வைத்தார்.

"அமாயி! நீங்களா? நம்ம கோல் கீப்பர்! வீட்ல சொன்னா நம்ப மாட்டா. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டார். எனெலெசி ஆறடி ஒரு அங்குலம் என்பதால் படத்தில் காவலாளியின் தொப்பி அவள் தோளுக்குக் கீழே நின்றது. படம் எடுத்து முடித்ததும் அவர் ஒரு நோட்டை நீட்டினார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்கன்னு எழுதிடுங்க, அமாயி."

"நான் யாரையும் பாக்க வரல. இங்கதான் வேலை செய்யறேன்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். எப்பலேருந்து?"

"பதினோரு வருஷமா."

அந்த வாசலில் ஏழு வருடமாக நிற்கிறவர் அவர். எதிரே தெரிந்த சோம்பா மலையைப் பார்த்தார். "சரி, எதுக்கும் எழுதிடுங்க அமாயி. மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

எனெலெசி எழுதினாள். வந்தவர்: எனெலெசி மக்வின்ஜா. பார்க்க வேண்டியவர் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்து, அதிலும் எனெலெசி மக்வின்ஜா என்றே எழுதினாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த அலுவலகம் சோம்பா நகரிலுள்ள மரவள்ளி வாரியம்; அதற்கு ஒரு நெட்பால் அணி உண்டு. பெயர் மரவள்ளி ராணிகள். பந்தாடுகிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வாரியத்தின் விதிகளில் இடமில்லை. ஆகவே ஒவ்வொருத்தியையும் ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிடுவார்கள். கோல் போடுகிற ஃபலேசி பட்டியலில் லாரி ஓட்டுநர். அவளுக்கு சைக்கிள் என்றாலே நடுக்கம். நடுவில் ஆடுகிறவள் கிழங்கு நோய் ஆய்வு உதவியாளர். எனெலெசி இருபத்திரண்டாம் வயதில் பதிவறையின் மூன்றாம் நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று மைதானத்துக்குப் போனவள்தான்.

கோப்பை வென்றால் பரிசு கொடுக்க வேண்டுமே, அதற்கும் விதிகளில் இடமில்லை. பதவி உயர்வுக்கு மட்டும் இடம் இருந்தது. ராணிகள் நான்கு கோப்பைகள் வென்றார்கள். எனெலெசி நான்கு முறை உயர்ந்தாள். ஒவ்வொரு உத்தரவிலும் 'கோப்புகளைப் பேணுவதில் காட்டிய சிறப்புக்காக' என்று எழுதியிருந்தது. கடைசிக் கோப்பையில், ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது பந்துகளைத் தடுத்தபோது, அவள் துணைப் பதிவறைக் கண்காணிப்பாளர் ஆனாள். வீட்டில் அவளுக்கு மூத்தவர்கள் அவளைப் பற்றி வந்த செய்திகளை வெட்டி, அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தேழு. அவற்றில் ஒன்றில்கூடக் கோப்பு என்ற சொல் வராது.

பிப்ரவரியில் இடது முழங்கால் போயிற்று. இனி குதிக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆட்டம் முடிந்த பெண்ணுக்கு வாரியம் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு போர்வையும் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். அவளுக்கு முன்னால் கோல் காத்தவள் இப்போது பஸ் நிலையத்தில் மந்தாசிப் பணியாரம் சுட்டு விற்கிறாள். அதற்கும் முன்னால் இருந்தவள் மினிபஸ்ஸில் நடத்துநர். கதவருகே நின்றபடியே கடைசி இருக்கைக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்குவாள் என்று அவளுக்கு நல்ல பெயர். இரண்டும் கௌரவமான பிழைப்புதான். ஆனால் எனெலெசி போர்வையை வாங்கிக்கொள்வதற்கு முன்னால், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் நியமன உத்தரவை எடுத்துப் படித்துப் பார்த்தாள்.

நிர்வாக அதிகாரி கதம்மான்ஜா அணிக்கும் தலைவர். அவர் முன்னால் போய் மரியாதையாக நின்றாள்.

"ப்வானா, என் மேசை எங்க இருக்கு?"

"எந்த மேசைம்மா?"

"துணைக் கண்காணிப்பாளர் மேசை. அறுபது வயசு வரைக்கும் எனக்குன்னு போட்டிருக்கு. எனக்கு இப்ப முப்பத்திமூணுதான்."

கதம்மான்ஜா உத்தரவை இருமுறை படித்தார். நான்கு இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

"ஐயோ, இது ஆட்டத்துக்காகப் போட்டதும்மா."

"அப்படின்னு இதுல எழுதலையே, ப்வானா. பந்துங்கற வார்த்தையே இல்ல."

கதம்மான்ஜாவுக்கு வியர்த்தது. வேலை இல்லை என்று சொன்னால் பதினோரு வருடமும் இல்லாத வேலைக்குச் சம்பளம் கொடுத்ததாகிவிடும். இருக்கிறது என்று சொல்வதுதான் அவருக்கும் நல்லது. அப்படித்தான் எனெலெசிக்கு அந்த மேசை கிடைத்தது. ஆட்டத்துக்குப் பிறகு வாழ்க்கையிடம் அவள் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

பதிவறையில் அவளுக்காக ஒருத்தி காத்திருந்தாள். ஸ்டெலியா லிகோஸ்வே. எனெலெசி சேர்ந்த அதே மாதம், அதே மூன்றாம் நிலையில் சேர்ந்தவள். வயதில் இரண்டு வருடம் மூத்தவள். ஒரு கோப்பையும் வெல்லாத காரணத்தால் இன்னும் மூன்றாம் நிலையிலேயே இருந்தாள்.

"வாங்க மேடம்" என்றாள் நாற்காலியில் இருந்தபடியே. "மேலதிகாரி வந்தா எந்திரிச்சு நிக்கணும். மனசுக்குள்ள நின்னாச்சு, போதுமா?"

"இத்தனை நாள் என் வேலையை யாருக்கா பாத்தது?"

"நீங்கதான். ரெக்கார்ட எடுத்துப் பாருங்க. ஒரு கோப்பு தொலைஞ்சதில்ல, ஒரு நாள் லீவு இல்ல, ஒரு கடுதாசி தப்பான ஊருக்குப் போனதில்ல. உங்கள மாதிரி ஒரு குமாஸ்தா இந்த நாட்டுலயே கிடையாது. நான் சும்மா பக்கத்துல உக்காந்து கை மட்டும் குடுத்தேன்."

வருகைப் பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது. எனெலெசி பேனாவை எடுத்துக் குனிந்தாள். அன்றைய தேதியில், அவள் பெயருக்கு நேரே, கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அழகான கையெழுத்து. முதல் எழுத்து கொக்குபோலக் கழுத்தை நீட்டி நின்றது. நடுவில் மூன்று வளைவுகள். கடைசியில் ஒரு வால், திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் கீழே ஓடி, ஒரு சுழியில் முடிந்தது. புரட்டிப் பார்த்தாள். பதினோரு வருடமாக, ஒரு நாள் விடாமல், அதே கொக்கு, அதே வால்.

"பழக்கதோஷம்" என்றாள் ஸ்டெலியா. "ஏழரை மணி ஆனா கை தானா போட்டுடும்."

"ஆனா என் கையெழுத்து இது இல்லையே." எனெலெசி ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ரசிகர்களுக்குப் போடுவது அது. ஒரு வளையம், அதற்குள் விழும் பந்து, கீழே பெயர்.

ஸ்டெலியா அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன, கோழி முட்டை வைக்கற மாதிரி? இதைப் பதிவேட்டுல போட்டீங்கன்னா போலிக் கையெழுத்துன்னு உங்களை உள்ள தள்ளிடுவாங்க, மேடம்."

விஷயம் கதம்மான்ஜாவிடம் போனது. அவர் முடிவு தெளிவாக இருந்தது: எனெலெசி தன் கையெழுத்தைக் கற்றுக்கொள்ளும்வரை ஸ்டெலியாவே போடட்டும், எனெலெசி சும்மா வந்து போகட்டும்.

சும்மா வந்து போக எனெலெசியால் முடியவில்லை. அவள் வேலை செய்யப் பார்த்தாள். அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது.

நெட்பாலில் கைக்கு வந்த பந்தை மூன்று வினாடிக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பந்து கையில் இருக்கும்போது ஊன்றிய காலை எடுத்து நடக்கக் கூடாது. பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். கோல் கீப்பர் மைதானத்தில் தன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. பதினோரு வருடம் எலும்புக்குள் இறங்கிய சட்டங்கள் முழங்கால் போனதும் கூடவே போய்விடுமா? ஒரு கோப்பு எனெலெசியின் கைக்கு வந்தால் அவள் கால் தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். அந்தக் காலிலேயே சுழன்று, யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களிடம் எறிந்துவிடுவாள். மூன்றாவது வினாடியில் கோப்பு அவளிடம் இருக்காது. அறையின் கடைசி அலமாரிக்கு அவள் போகவே மாட்டாள். நடுத் தூண் வரை வந்து, விசில் ஊதிவிடுவார்களோ என்பதுபோல் நின்றுவிடுவாள்.

வாரியத்தில் ஒரு கோப்பு ஏழு மேசைகளைக் கடக்க வேண்டும். சராசரியாக நான்கு வருடம் ஆகும். எனெலெசி எறிந்ததை வாங்கியவர்கள், அடுத்ததும் வந்துவிடுமோ என்ற பயத்தில், கையில் இருந்ததை உடனே பக்கத்து மேசைக்குத் தள்ளினார்கள். ஒரு வாரத்தில் மொத்த வாரியமும் தள்ளிக்கொண்டிருந்தது. எழுதியவர்களே கேட்டுக் களைத்துப்போன கடிதங்களுக்கெல்லாம் பதில் போயிற்று. பலாக்கா என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயி பதில் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"2011ல நாத்துக்குச்சி வேணும்னு எழுதினேன், அம்மா. இப்ப குடுத்திருக்கீங்க. நல்லது. ஆனா அஞ்சு வருஷமா இந்த வாரியத்துக்கு நாத்துக்குச்சி விக்கறதே நான்தான். எங்கிட்ட வாங்கி எங்கிட்டயே குடுத்தா நான் எங்க நடறது?"

பேசப் பேச அவர் மேசையை நெருங்கி வந்தார். எனெலெசி எழுந்து, இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி, அவருக்கு முன்னால் நின்றாள். விவசாயி மூன்றடி பின்னால் போனார். அதற்குமேல் அவரால் ஒரு அடியும் முன்னே வைக்க முடியவில்லை.

மே மாதம் முடிவதற்குள் பதிவறையில் ஒன்பது பிழைகள். இரண்டு கோப்புகள் ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்குப் போனது உட்பட. கதம்மான்ஜா அவளுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினார்: 'தாங்கள் கடந்த பதினோரு ஆண்டுகள் ஒரு குறையும் இன்றிப் பணியாற்றினீர்கள். அலுவலகத்துக்கு வரத் தொடங்கிய நாள் முதல் தங்கள் பணியில் திடீர்ச் சரிவு காணப்படுகிறது. காரணம் தெரிவிக்கவும்.'

எனெலெசி அதை மூன்று வினாடி பார்த்துவிட்டு ஸ்டெலியாவிடம் எறிந்தாள்.

ஸ்டெலியா படித்தாள். அந்த அறையில் முதல்முறையாகச் சிரித்தாள். "அடியே, வராம இருந்தவரைக்கும் தங்கமா இருந்தே. உனக்கு ஏன்டி இந்த வேலை?"

மேடம் போய் அடியே வந்ததில் எனெலெசிக்கு ஏதோ ஒரு பூட்டு திறந்தது போலிருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள். "வேலை தெரியும்னு இங்க எழுதியாச்சு. அதுக்குத் தகுந்த மாதிரியாவது ஆயிடணும்ல?"

ஜூலையில், மழையும் பனியும் கலந்த சிப்பெரோனிக் குளிர் மலையிலிருந்து இறங்கிய வாரத்தில், தலைநகரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. எங்கள் நாட்டில் பேய் ஊழியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு: பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. அவர்களைப் பிடிக்க ஒரு சரிபார்ப்பு அதிகாரி வருகிறார். ஆகஸ்ட் பதினாலாம் தேதி ஊழியர் ஒவ்வொருவரும் அவர் முன்னால் வந்து தன் கையெழுத்தை ஐந்து முறை போட வேண்டும். பதிவேட்டோடு பொருந்தாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

ஃபலேசி அன்றே லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சுற்றுச்சுவரில் ஒரு பகுதி அன்று மாலையே விழுந்தது. எனெலெசிக்கு லாரி தேவைப்படவில்லை. ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. அது வராவிட்டால் மேசை போய்விடும்.

"கத்துக்குடுக்கா."

"கத்துக்கறவ மாதிரி உக்காரு. முதுகை நிமித்து. பேனாவைப் பந்து மாதிரி பிடிக்காதே!"

பயிற்சி என்றால் எனெலெசிக்குத் தெரியும். காலையில் நூறு, மதியம் ன்சீமாக் களியும் அவரைக்கொட்டையும் சாப்பிட்டபின் ஐம்பது, மாலையில் ஐம்பது என்று கணக்கு வைத்துப் போட்டாள். ஸ்டெலியா பின்னால் நின்று கத்துவாள்.

"இது கொக்கா? பட்டினி கிடந்த வாத்து மாதிரி இருக்கு. இன்னொண்ணு!"

"வால் நேராத்தானே போகுது?"

"நேரா போகக் கூடாதுடி. திரும்பி வரணும். பதினோரு வருஷமா திரும்பி வந்த வாலு, நீ வந்து நேராக்கிடுவியா?"

மூன்றாவது வாரம் ஒரு நாள் எனெலெசி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்க்கா இவ்வளவு அழகா போட்டே? யாரும் பாக்கப்போறதில்ல. சும்மா ஒரு கோடு இழுத்திருக்கலாமே?"

ஸ்டெலியா பேனாவை எடுத்து மூடியைத் திருகினாள். "என் பேரைப் போடறப்ப சின்னதா போட்டுட்டுப் போயிடுவேன். மூணாம் நிலைக்கு அது போதும். உன் பேர்லதான் ஒவ்வொரு கோப்பைக்கும் பதவி ஏறிச்சு. பெரிய பதவிக்குப் பெரிய கையெழுத்து வேணாமா? அதைப் போடற அரை நிமிஷம் நான்தான் துணைக் கண்காணிப்பாளர். சரி சரி, எழுது."

அன்று எனெலெசி இருநூற்றி முப்பது போட்டாள்.

ஆகஸ்ட் பதினாலு. சரிபார்ப்பு அதிகாரி திரு. சவிங்கா கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். மூன்று பேனா, ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு முத்திரை. பக்கத்தில் அவித்த மரவள்ளியும் வேர்க்கடலையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. எனெலெசி உள்ளே வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"எனெலெசி மக்வின்ஜா... அந்தப் பேரையே வெச்சிருக்கீங்களே, அம்மா! உயரமும் அதே மாதிரி. அவங்களுக்கு ஏதாவது உறவா?"

"நான்தான் ஐயா அது."

திரு. சவிங்கா பெருந்தன்மையாகச் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க ஏம்மா கோப்பு தூக்கப்போறாங்க? நாலு வருஷம் முந்தி இறுதி ஆட்டத்துல அவங்க கையால எனக்குக் கையெழுத்தே போட்டுக் குடுத்தாங்க. பர்ஸ்லயே வெச்சிருக்கேன். சரி, ஐந்து முறை போடுங்க."

எனெலெசி போட்டாள். ஐந்து கொக்குகள், ஐந்து வால்கள், எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. திரு. சவிங்கா பூதக்கண்ணாடியால் பார்த்தார். "அச்சு மாதிரி இருக்கு. இப்படி ஒரு கையை நான் எந்த வாரியத்துலயும் பாத்ததில்ல" என்று சொல்லி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். 'இருக்கிறார்' என்று விழுந்தது.

மேசை தப்பியது. எனெலெசி மூச்சு விட்டாள்.

"அடுத்தது, ஸ்டெலியா லிகோஸ்வே."

ஸ்டெலியா உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் தன்னுடையதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அதிகாரி, பூதக்கண்ணாடி, முத்திரை எல்லாம் சேர்ந்து அவளை மிரட்டிவிட்டன. கை தானாக ஓடிற்று. முதல் கோட்டில் ஒரு கொக்கு எழுந்து நின்றது.

திரு. சவிங்கா காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது இப்ப போனவங்களோடதாச்சே. உங்களுது எங்கே?"

"இ... இதோ ஐயா." இரண்டாவதும் கொக்கு. மூன்றாவதில் வால் இன்னும் நன்றாகத் திரும்பியது. தன் சொந்தக் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே ஸ்டெலியாவுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

"அம்மா, உங்க கையெழுத்தே உங்களுக்குத் தெரியல. அடுத்தவங்களுதை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. பேய் ஊழியருக்கு ஆள் அனுப்பறது எனக்குப் புதுசு இல்ல." அவர் இன்னொரு முத்திரையை எடுத்தார். அது சிவப்பு. "ஸ்டெலியா லிகோஸ்வேன்னு ஒருத்தர் இல்லவே இல்ல."

எனெலெசி கதவருகே நின்றிருந்தாள். அவள் கையில் முத்திரை குத்திய தாள். ஒன்று. கதம்மான்ஜா ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. ஸ்டெலியா நான்காவது கொக்கைப் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வினாடியில் எனெலெசி ஊன்றிய காலில் சுழன்று, முத்திரை குத்திய தாளை திரு. சவிங்காவின் மடியில் எறிந்தாள்.

"ஐயா, அந்தக் கொக்கு அவங்களுது. நான்தான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். பதினோரு வருஷ வேலையும் அவங்களுது. என்னுது இதுதான்." அவர் பேனாவையே எடுத்து, அவர் காகிதத்திலேயே போட்டாள். வளையம், பந்து, பெயர்.

திரு. சவிங்கா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பர்ஸை எடுத்து, நான்காக மடித்த ஒரு பழைய காகிதத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அமாயி... நிஜமாவே நீங்களா? அன்னைக்குப் பத்தொன்பது தடுத்தீங்களே! காலைல பத்து மணி ஆட்டம். நான் மூணாவது வரிசைல இருந்தேன்." சட்டென்று அவர் முகம் மாறியது. பதிவேட்டைப் புரட்டி அந்தத் தேதியை எடுத்தார். கொக்கு இருந்தது, பக்கத்தில், பத்து மணிக்கு ஆறு கோப்புகள் அனுப்பப்பட்டதாகக் குறிப்பும் இருந்தது. "நான் என் கண்ணால பாத்தேன். இங்க இருந்தது நீங்க இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன், ஐயா."

அவர் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, யோசித்தார். படிவத்தில் இருக்கிறார், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றம் இல்லையா என்று கதம்மான்ஜா மெல்லக் கேட்டார். "அது வேற துறை. அந்தத் துறையில இப்ப ஆள் இல்ல" என்றார் திரு. சவிங்கா. "என் வேலை யார் இருக்காங்கன்னு பாக்கறது மட்டும்தான். பதினோரு வருஷம் வந்து உக்காந்து எழுதினவங்க இருக்காங்க. அவங்கதான் துணைக் கண்காணிப்பாளர்." ஸ்டெலியாவின் தாளில் முத்திரையைக் குத்தினார். பிறகு எனெலெசியிடம் திரும்பினார். "அமாயி, என் வாழ்க்கைல நான் கும்பிட்ட ஒரே கோல் கீப்பர் நீங்க. மன்னிச்சுடுங்க." சிவப்பு முத்திரை விழுந்தது.

இவ்வாறாக, குமாஸ்தா எனெலெசி மக்வின்ஜா பேய் என்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டாள்.

பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்த ஊழியரைச் சும்மா அனுப்புவது முறையில்லை என்று வாரியம் நினைத்தது. வெள்ளிக்கிழமை பிரிவுபசாரத் தேநீர் வைத்தார்கள். ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன்மேல் போர்வையையும் சுவர்க் கடிகாரத்தையும் வைத்தார்கள். கதம்மான்ஜா பேசினார். "இவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. லீவு கேட்டு என் முன்னால் வந்து நின்றதில்லை. இப்படி ஓர் ஊழியர் இனி நமக்குக் கிடைக்கமாட்டார்." பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கடலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த எனெலெசியும் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஏன்டி அழுவறே?" என்றாள் ஸ்டெலியா.

"நல்ல பொம்பளைக்கா அவ. அவள மாதிரி என்னால ஆக முடியல."

ஸ்டெலியா மேலே போனதால் மூன்றாம் நிலைக் குமாஸ்தா இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு எனெலெசி அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். அது ஏழு மேசைகளைக் கடக்க வேண்டும். மே மாதத்துக்கு முன்னால் என்றால் 2022-இல் வந்து சேர்ந்திருக்கும். இப்போது வாரியத்தில் யாருக்கும் ஒரு கோப்பையும் கையில் வைத்திருக்கும் தைரியம் இல்லை. பதினொன்று நாற்பதுக்கு எல்லா மேசையும் தாண்டி அது கதம்மான்ஜாவிடம் வந்துவிட்டது.

"முன் அனுபவம்?" என்றார் அவர், படிவத்தைப் பார்த்தபடி.

"எனக்கு இல்ல, ப்வானா. பேய்க்குத்தான் இருந்துச்சு."

"ஆறு மாசம் தகுதிகாண் காலம். ஸ்டெலியா அம்மா சொன்னபடி நடந்துக்கணும்."

மறுநாள் காலை ஏழு இருபத்தைந்துக்கு வாசல் காவலாளி வழக்கம்போல நோட்டை நீட்டினார். "எப்பலேருந்து இங்க வேலை, அமாயி?"

"இன்னைலேருந்து."

"அப்ப எழுத வேணாம், உள்ள போங்க" என்றார் அவர் நிம்மதியாக.

பதிவேட்டில் எனெலெசி தன் பெயருக்கு நேரே வளையமும் பந்தும் போட்டாள். ஸ்டெலியா எட்டிப் பார்த்தாள். கொக்கு இப்போது அவளுடைய பெயருக்கு நேரே, சற்று வெட்கத்தோடு நின்றது. முதல் எழுத்து வேறு என்பதால் கழுத்தைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது.

"முட்டை பெருசாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கோப்பு ஒன்றை எடுத்து எனெலெசியின் கையில் வைத்தாள். "கடைசி அலமாரில வைக்கணும். வைக்கறதுக்கு முன்னாடி படி."

எனெலெசியின் கால் தரையில் ஊன்றியது. ஒன்று. இரண்டு. மூன்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் சொல்லிட்டேன்ல" என்றாள் ஸ்டெலியா. "கையிலயே வெச்சுக்க."

நான்காவது வினாடி வந்தது. விசில் எதுவும் கேட்கவில்லை. எனெலெசி ஊன்றிய காலை எடுத்து, கோப்பைப் படித்துக்கொண்டே, நடுத் தூணைத் தாண்டி நடந்தாள்.